கூரை மழைநீர் வடிகால்

கூரை மழைநீர் வடிகால் என்பது, கட்டிடமொன்றின் கூரை மீது விழும் மழைநீரை உட்கசியாமலும் தேங்காமலும் நிலத்துக்கோ, சேகரிப்புத் தொட்டிக்கோ, மழைநீர்க் கால்வாய்க்கோ கொண்டு சேர்க்கும் அமைப்பு ஆகும். கூரையின் சரிவு, நீரைத் திரட்டும் பீலிகள், நீர் நுழையும் வாய்கள், இறங்குகுழாய்கள், மிகைநீர்ப் போக்கிகள் ஆகியவை இதன் உறுப்புகளாகும்.

கூரை வடிகால் பெரும்பாலும் ஒழுக்கைத் தடுக்கும் ஏற்பாடாகவே கருதப்படுகின்றது. ஆனால் கனமழையின்போது இது கட்டிடத்தின் உறுதியோடும் நேரடித் தொடர்புடையது. வெளியேறாத நீர் கூரைக்குச் சுமையாகின்றது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் ஆழத்துக்கு நிற்கும் நீர் 1 லிட்டர் ஆகும். அதன் எடை 1 கிலோகிராம். எனவே 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் தேங்கினால் ஒவ்வொரு சதுர மீட்டரும் 100 கிலோகிராம் எடையைத் தாங்க வேண்டும்.

வரலாறு

சிந்துவெளி நாகரிகத்தைச் சேர்ந்த மொகெஞ்சதாரோவின் வீடுகளில், மேல்தளத்து நீரைக் கீழே இறக்கச் சுடுமண் குழாய்கள் பயன்படுத்தப்பட்டன. பண்டைய உரோமானிய வீடுகளில் நான்கு பக்கக் கூரைகளும் நடுமுற்றத்தை நோக்கிச் சரிந்தன. அங்கு விழுந்த நீர் ஆழமற்ற தொட்டியொன்றில் திரண்டு நிலத்தடித் தொட்டிக்குச் சென்றது. செட்டிநாட்டு வீடுகளின் ஓட்டுக் கூரைகளும் இவ்வாறே நடுமுற்றத்தை நோக்கிச் சரிவன.

ஐரோப்பாவின் இடைக்காலத் தேவாலயங்களில், விலங்கு உருவங்கள் செதுக்கப்பட்ட கற்றூம்புகள் நீரைச் சுவரிலிருந்து விலக்கி வெளியே வீசின. இங்கிலாந்தில் 1240 ஆம் ஆண்டில், இலண்டன் கோபுரத்தின் வெண்கோபுரச் சுவர்களுக்குப் பூசிய வெள்ளை மழைநீரால் கெடாதிருக்க, ஈயக் குழாய்களைத் தரை வரை நீட்டுமாறு மூன்றாம் என்றி மன்னர் ஆணையிட்டார். இறங்குகுழாய் பற்றிய பழைய எழுத்துச் சான்றுகளுள் இதுவும் ஒன்றாகும்.

சரிவான கூரைகளில் நீர் தானாகவே வழிந்துவிடும். பைஞ்சுதையினாலான தட்டைக் கூரைகளும் அவற்றைச் சுற்றிக் கட்டப்படும் கைப்பிடிச்சுவர்களும் பரவலானபோது நிலைமை மாறியது. நான்கு புறமும் சுவரால் சூழப்பட்ட மொட்டைமாடி, வடிகால் அடைபட்டால் ஒரு தொட்டியாகிவிடும்.

மழைச்செறிவு

வடிகாலின் அளவைத் தீர்மானிப்பது ஓர் ஊரின் ஆண்டு மழையளவு அன்று. சில நிமிடங்களுக்குள் பெய்யும் மழையின் வேகம் ஆகும். இது மழைச்செறிவு எனப்படும். பொதுவாக மணிக்கு இத்தனை மில்லிமீட்டர் எனக் குறிக்கப்படும். கூரையின் பரப்பு சிறியது என்பதால், அதன் கடைக்கோடியில் விழும் நீரும் ஓரிரு நிமிடங்களில் குழாய்வாயை அடைந்துவிடும். ஆகவே ஒரு நாளின் சராசரியோ ஒரு மணி நேரத்தின் சராசரியோ கூடப் போதுமான வழிகாட்டி ஆகாது.

இதைப் பின்வரும் ஒப்பீடு விளக்கும். 2023 டிசம்பர் 17, 18 ஆம் தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. பேரழிவை ஏற்படுத்திய இம்மழையின் சராசரிச் செறிவு மணிக்குச் சுமார் 40 மில்லிமீட்டர் மட்டுமே. மறுபுறம், 15 நிமிடங்களில் 30 மில்லிமீட்டர் பெய்து ஓயும் கோடை இடிமழையின் செறிவு மணிக்கு 120 மில்லிமீட்டர் ஆகும். செய்திகளில் இடம்பெறாத அம்மழையே கூரைக் குழாய்களுக்குக் கடினமான சோதனையாக அமையக்கூடும். நாள் முழுதும் நீடிக்கும் பெருமழையிலும் இத்தகைய குறுகிய உச்சங்கள் அடங்கியிருக்கும்.

உலகில் பதிவான சில உச்ச அளவுகள்:

* 1956 ஜூலை 4, அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள யூனியன்வில்: ஒரு நிமிடத்தில் 31.2 மி.மீ.
* 1947 ஜூன் 22, அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் உள்ள கோல்ட்: 42 நிமிடங்களில் 305 மி.மீ.

மழை இடத்துக்கு இடமும் பெரிதும் வேறுபடும். 2005 ஜூலை 26 அன்று தொடங்கிய 24 மணி நேரத்தில் மும்பையின் சாந்தாகுரூசில் 944 மி.மீ. பதிவானபோது, அதே நகரின் கொலாபாவில் சுமார் 73 மி.மீ. மட்டுமே பதிவானது.

மீள்வருகைக் காலம்

வடிவமைப்புக்குரிய செறிவு, நீண்டகால மழைப் பதிவுகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்படுகின்றது. சராசரியாக நூறு ஆண்டுகளுக்கு ஒரு முறை எட்டப்படும் செறிவு, நூறாண்டு மீள்வருகைக் காலம் உடையது எனப்படும். நூறு ஆண்டுகளுக்கு அது வராது என்பது இதன் பொருளன்று. ஒவ்வோர் ஆண்டும் அதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. 50 ஆண்டுகள் நிற்கும் கட்டிடம் அத்தகைய மழையை ஒரு முறையாவது சந்திப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 39 விழுக்காடு ஆகும். பத்தாண்டு மழையைச் சந்திப்பது ஏறத்தாழ உறுதி.

காற்றின் வெப்பநிலை ஒரு பாகை செல்சியசு உயரும்போது, அது கொள்ளக்கூடிய நீராவியின் அளவு சுமார் 7 விழுக்காடு கூடுகின்றது. புவி வெப்பமடைவதால் குறுகியநேரப் பெருமழைகள் வலுப்பெறுகின்றன. எனவே பழைய பதிவுகளை மட்டும் கொண்டு கணிக்கப்பட்ட அளவுகள் போதாமல் போகலாம்.

நீரோட்டத்தைக் கணித்தல்

கூரையில் விழும் நீர் ஏறக்குறைய முழுவதும் வழிந்தோடும் என்று கொள்வதே பாதுகாப்பானது. கூரைப் பரப்பைச் சதுர மீட்டரிலும் மழைச்செறிவை மணிக்கு மில்லிமீட்டரிலும் கொண்டு, இரண்டையும் பெருக்கினால் ஒரு மணிக்கு எத்தனை லிட்டர் என்பது கிடைக்கும். அதை 3600 ஆல் வகுத்தால் ஒரு நொடிக்குரிய அளவு கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, 10 மீட்டர் அகலமும் 12 மீட்டர் நீளமும் கொண்ட மொட்டைமாடியின் பரப்பு 120 சதுர மீட்டர். மணிக்கு 100 மி.மீ. செறிவில் இதில் நொடிக்கு 3.3 லிட்டரும், 200 மி.மீ. செறிவில் நொடிக்கு 6.7 லிட்டரும் விழும்.

கூரையை ஒட்டி உயர்ந்த சுவர் இருப்பின், காற்றால் சாய்ந்து விழும் மழை அச்சுவரில் மோதிக் கூரைக்கு இறங்கும். இதற்காகச் சுவர்ப் பரப்பின் பாதியைக் கூரைப் பரப்புடன் சேர்ப்பது வழக்கம். மாடிப்படி அறையின் கூரையிலிருந்து மொட்டைமாடியில் விழும் நீரையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

வடிகாலின் உறுப்புகள்

சரிவு

தட்டைக் கூரை எனப்படுவது முற்றிலும் மட்டமாக இருத்தலாகாது. தமிழ்நாட்டுக் கொத்தனார்கள் இச்சரிவை 'வாட்டம்' என்பர். ஐக்கிய இராச்சியத்தின் நடைமுறையில், கட்டி முடித்த பின் 80 க்கு 1 என்ற சரிவு கிடைப்பதற்காக, வரைபடத்தில் 40 க்கு 1 எனக் குறிக்கப்படுகின்றது. வேலையின் பிசகும் தளத்தின் தொய்வும் சரிவில் ஒரு பகுதியை விழுங்கிவிடும் என்பதே இதன் காரணம்.

தமிழ்நாட்டின் பைஞ்சுதைத் தளங்களின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த அடுக்கை இட்டு, அதன் மேல் தட்டோடு பதிப்பது நெடுநாள் வழக்கம். வெப்பத்தைத் தடுப்பதோடு வாட்டத்தைக் கொடுப்பதும் இவ்வடுக்கின் பணியாகும்.

பீலி

சரிவான கூரையின் தாழ்ந்த ஓரத்தில் நீரை ஏந்தும் திறந்த கால்வாய் பீலி ஆகும். இச்சொல் இலங்கையில் அன்றாட வழக்கில் உள்ளது. கூரையின் வெளியோரத்தில் உள்ள பீலி நிறைந்தால் நீர் வெளியே கொட்டும். இரு கூரைகள் சந்திக்கும் பள்ளத்தில் உள்ள பீலி நிறைந்தால் நீர் கட்டிடத்துக்குள் கொட்டும். இவ்வேறுபாட்டைக் கருதி, ஈ.என். 12056-3 என்னும் ஐரோப்பியத் தரம், கணித்த நீரோட்டத்தை வெளியோரப் பீலிக்கு 1 ஆலும், பள்ளப் பீலிக்கு 2 ஆலும், மிகுந்த பாதுகாப்பு தேவைப்படும் இடங்களில் 3 ஆலும் பெருக்கச் சொல்கின்றது.

குழாய்வாய்

பெரும்பாலான வடிகால்களின் திறனைக் கட்டுப்படுத்துவது குழாயன்று, அதன் வாயே ஆகும். ஆழமற்ற நீர், அணையின் மேல் வழிவது போல வாயின் விளிம்பைத் தாண்டி விழுகின்றது. அப்போது நீரோட்டம், வாயின் சுற்றளவையும் நீரின் ஆழத்தையும் பொறுத்தது. ஆழம் இருமடங்கானால் நீரோட்டம் ஏறத்தாழ 2.8 மடங்காகும். இதனால் வாயைப் புனல்போல் அகலமாக்குவதும், அதைச் சுற்றியுள்ள தளத்தைச் சிறிது பள்ளமாக்குவதும், செலவின்றித் திறனைக் கூட்டும் வழிகளாகும்.

நடைமுறையில் இதற்கு எதிரானதே அடிக்கடி நிகழ்கின்றது. கைப்பிடிச்சுவரின் அடியில் கிடையாகச் செருகப்படும் குழாயின் வாய் முதலில் முழுவட்டமாக இருக்கும். பின்னர் இடப்படும் ஜல்லி அடுக்கும், தட்டோடும், சில ஆண்டுகள் கழித்துப் பூசப்படும் நீர்க்காப்பும் தளத்தை உயர்த்தி, வாயில் பாதியை மூடிவிடுகின்றன. வெளியிலிருந்து பார்ப்போருக்கு 100 மி.மீ. குழாய் அப்படியே தெரியும். நீர் நுழையும் வழியோ பாதியே.

வாயின் மேல் பொருத்தும் சல்லடை மூடியும் கவனத்துக்குரியது. தட்டையான மூடியை ஒரே ஒரு நெகிழிப்பையோ ஒரு கை வேப்பஞ்சருகோ அடைத்துவிடும். குவிமாடம் போல் உயர்ந்த மூடியில் அடிப்பகுதி அடைபட்டாலும் மேற்பகுதி வழியே நீர் செல்லும்.

இறங்குகுழாய்

வழக்கமான இறங்குகுழாயில் நீர் குழாயின் உட்சுவரை ஒட்டிப் படலமாக இறங்குகின்றது; நடுவே காற்று நிற்கும். குழாயின் குறுக்குப் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீர் நிரம்புவதில்லை. இந்தியாவில் கூரைப் பீலிகளையும் இறங்குகுழாய்களையும் பொருத்தும் முறைகளை ஐ.எஸ். 2527 என்னும் தரம் விவரிக்கின்றது. தேசியக் கட்டிட விதித்தொகுப்பின் அட்டவணைப்படி, ஒவ்வொரு குழாயும் வடிக்கக்கூடிய கூரைப் பரப்பு பின்வருமாறு:

* 50 மி.மீ. குழாய்: மணிக்கு 100 மி.மீ. செறிவில் 6.6 ச.மீ.; 200 மி.மீ. செறிவில் 3.3 ச.மீ.
* 75 மி.மீ. குழாய்: முறையே 20.4 ச.மீ.; 10.2 ச.மீ.
* 100 மி.மீ. குழாய்: முறையே 42.7 ச.மீ.; 21.3 ச.மீ.
* 125 மி.மீ. குழாய்: முறையே 80.5 ச.மீ.; 40.0 ச.மீ.

விட்டத்தை 50 இலிருந்து 100 மி.மீ. ஆக இருமடங்காக்கும்போது திறன் ஆறு மடங்குக்கு மேல் கூடுவதை இங்குக் காணலாம். மேலே கூறிய 120 சதுர மீட்டர் மொட்டைமாடிக்கு, மணிக்கு 100 மி.மீ. செறிவில் மூன்று 100 மி.மீ. குழாய்களும், 200 மி.மீ. செறிவில் ஆறு குழாய்களும் தேவைப்படும். எக்கூரைக்கும் குறைந்தது இரண்டு குழாய்கள் இருத்தல் நன்று. ஒன்று அடைபட்டாலும் மற்றது இயங்கும்.

வடிகுழல்முறை வடிகால்

1960 களின் இறுதியில் பின்லாந்தில் வேறொரு முறை உருவாக்கப்பட்டது. இதில், குழாய்வாயில் பொருத்தப்படும் தகடு காற்று நுழைவதைத் தடுக்கின்றது. குழாய் முழுவதும் நீரால் நிரம்ப, கட்டிடத்தின் உயரமே உறிஞ்சும் விசையைத் தருகின்றது. இதனால் மெல்லிய குழாய்களும், சரிவற்ற கிடைக்குழாய்களும் போதுமானவை. வானூர்தி நிலையங்கள், தொழிற்சாலைகள் போன்ற அகன்ற கூரைகளில் இம்முறை பயன்படுகின்றது. ஆனால் கணித்த அளவுக்கு மேல் மழை பெய்தால், நிரம்பிய குழாயால் மேலும் நீரை ஏற்க இயலாது. ஆகவே இங்கு மிகைநீர்ப் போக்கி இன்றியமையாதது.

மிகைநீர்ப் போக்கி

எவ்வளவு பெரிய குழாயும் அடைபடலாம். எவ்வளவு பெரிய மழையையும் விஞ்சிய மழை பெய்யலாம். இவ்விரு நிலைகளிலும் நீர் எங்கே செல்லும் என்பதற்கு விடையாக அமைவது மிகைநீர்ப் போக்கி ஆகும். கைப்பிடிச்சுவரில், குழாய்வாயை விடச் சற்று உயரத்தில் விடப்படும் அகன்ற திறப்பே இதன் எளிய வடிவம்.

இக்கருத்து தமிழர் நீர்ப்பாசனத்துக்குப் பழக்கமானது. ஏரியிலிருந்து வேண்டிய நீரை வெளியேற்றத் தூம்பு அல்லது மதகு இருக்கும். ஏரி நிறைந்து கரை உடையாதிருக்கக் கலிங்கு இருக்கும். கைப்பிடிச்சுவர் சூழ்ந்த மொட்டைமாடியில் இறங்குகுழாய் தூம்பின் இடத்தையும், மிகைநீர்ப் போக்கி கலிங்கின் இடத்தையும் வகிக்கின்றன. கலிங்கு இல்லாத ஏரியை எவரும் கட்டுவதில்லை. மிகைநீர்ப் போக்கி இல்லாத மொட்டைமாடிகளோ மிகப் பல.

இந்தியத் தரமான ஐ.எஸ். 875 இன் இரண்டாம் பகுதி, மக்கள் ஏறி நடமாடும் தட்டைக் கூரைக்குச் சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன் இயங்குசுமையைக் குறிப்பிடுகின்றது. இது ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் ஆழ நீரின் எடைக்குச் சமம். மேற்கூறிய மொட்டைமாடியின் எல்லாக் குழாய்களும் அடைபட்ட நிலையில் மணிக்கு 200 மி.மீ. செறிவில் மழை பெய்தால், 45 நிமிடங்களில் இந்த ஆழம் எட்டப்படும். அப்போது கூரை மேல் நிற்பது 18,000 லிட்டர், அதாவது 18 டன் நீர். கைப்பிடிச்சுவர் ஒரு மீட்டர் உயரமுடையதாயின், தொடரும் மழைக்கு அதன் பின்னும் இடமுண்டு.

மாறாக, அக்கைப்பிடிச்சுவரில் அரை மீட்டர் அகலமான திறப்பொன்றை, குழாய்வாய் மட்டத்திலிருந்து 5 சென்டிமீட்டர் உயரத்தில் விட்டால் நிலைமை மாறும். அத்திறப்பின் வழியே 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வழியும் நீர் நொடிக்கு 8 லிட்டருக்கு மேற்பட்டது. விழும் மழையோ 6.7 லிட்டர். குழாய்கள் யாவும் அடைபட்டாலும் நீர் 10 சென்டிமீட்டருக்கு மேல் உயராது, சுமை 1.5 கிலோநியூட்டனை எட்டாது. திறப்பின் அடிமட்டம் மாடிப்படி அறையின் வாசற்படியை விடப் போதிய அளவு தாழ்ந்திருப்பின், நீர் வீட்டுக்குள்ளும் இறங்காது.

மிகைநீர்ப் போக்கியை இறங்குகுழாயுடன் இணைத்தலாகாது. இணைத்தால் ஒரே அடைப்பு இரண்டையும் முடக்கும். அது வெளியார் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் கொட்டுவது நல்லது. அதிலிருந்து நீர் விழுவதே, குழாய் அடைபட்டுள்ளது என்பதற்கான அறிவிப்பு ஆகும்.

நீர்த்தேக்கமும் கூரைச் சரிவுகளும்

நீர் தேங்கும் இடத்தில் கூரை சிறிது தொய்கின்றது. தொய்ந்த பள்ளத்தில் மேலும் நீர் சேர்கின்றது. அதனால் மேலும் தொய்கின்றது. கூரை போதிய விறைப்புடையதாயின் இச்சுழல் ஓரிடத்தில் நின்றுவிடும். இல்லையேல் கூரை விழும்வரை தொடரும். நீண்ட இடைவெளிகளைக் கடக்கும் இலகுவான எஃகுக் கூரைகளும், இழுத்துக் கட்டிய துணிக் கூரைகளும் இதற்கு எளிதில் ஆளாகும்.

அமெரிக்காவின் கேன்சசு நகரில் 1974 இல் திறக்கப்பட்ட கெம்பர் அரங்கின் கூரை, 1979 ஜூன் 4 அன்று கடும் மழையும் காற்றும் வீசியபோது இடிந்து விழுந்தது. நகரின் வடிகால்களுக்கு மழைநீர் மெல்லச் செல்லும் பொருட்டு, அக்கூரை நீரைத் தற்காலிகமாகத் தேக்கிவைக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. வடிகால் வாய்கள் குறைவாக இருந்தன. தேங்கிய நீரின் சுமையுடன், கூரையைத் தொங்கவிட்ட திருகாணிகள் காற்றின் அசைவால் ஆண்டுக்கணக்கில் களைப்புற்றிருந்ததும் காரணமாயிற்று. அவ்வேளையில் அரங்கில் நிகழ்ச்சி ஏதும் இல்லாமையால் உயிரிழப்பு ஏற்படவில்லை.

2024 ஜூன் 29 அன்று குசராத்தின் ராஜ்கோட் வானூர்தி நிலையத்தில், பயணிகளை ஏற்றி இறக்கும் பகுதியின் துணிக்கூரையில் தேங்கியிருந்த மழைநீரை அகற்ற முயன்றபோது அக்கூரை விழுந்தது. இதிலும் எவரும் காயமடையவில்லை.

நிலமட்டத்தில் வெளியேற்றம்

இறங்குகுழாய் நேரே நிலத்தடிக் கால்வாயுடன் இணைக்கப்பட்டிருந்தால், வீதியில் வெள்ளம் நிற்கும்போது குழாயில் நீர் பின்னோக்கி எழும். தரைமட்டத்துக்குச் சற்று மேலே திறந்தவாயாக விட்டு, அங்கிருந்து கால்வாய்க்கு நீரை விழச் செய்வதால் இது தவிர்க்கப்படும். கூரை நீரைக் கழிவுநீர்க் குழாயில் விடுவது, கனமழையின்போது கழிவுநீர் வீடுகளுக்குள் எழக் காரணமாகும்.

தமிழ்நாட்டில் 2003 ஆம் ஆண்டு முதல் கட்டிடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. சேகரிப்புக்கான மணல் வடிகட்டி, உச்ச மழைச்செறிவில் வரும் நீர் முழுவதையும் உடனுக்குடன் உட்கொள்ளாது. எனவே வடிகட்டிக்கு முன்னதாக ஒரு மாற்றுவழி தேவை. அது இல்லாவிடின் சேகரிப்பு அமைப்பே கூரையில் நீர் தேங்கக் காரணமாகிவிடும்.

பராமரிப்பு

வடகிழக்குப் பருவமழை பெறும் தமிழ்நாட்டின் கிழக்குப் பகுதிகளிலும் இலங்கையின் வடக்கு, கிழக்குப் பகுதிகளிலும் செப்டம்பர் இறுதிக்குள் கூரையைத் துப்புரவாக்குவது வழக்கம். தென்மேற்குப் பருவமழை பெறும் பகுதிகளில் இதை மே மாதத்தில் முடிக்க வேண்டும். கவனிக்க வேண்டியவை:

* சருகு, மண், பறவைக் கூடு, கட்டிட வேலையில் எஞ்சிய காரை ஆகியவற்றைக் குழாய்வாயிலிருந்து அகற்றல்
* ஒவ்வொரு வாயிலும் ஒரு வாளி நீரை ஊற்றி, அது கீழே தடையின்றி வருவதைப் பார்த்தல்
* புதிய நீர்த்தொட்டி, சூரிய மின்தகடுகளின் தாங்கிகள், பூந்தொட்டிகள் ஆகியவை நீரோட்டத்தின் குறுக்கே நிற்காமல் பார்த்துக்கொள்ளல்
* மழை நின்று இரண்டு நாட்களுக்குப் பின்னும் நீர் நிற்கும் இடங்களைக் குறித்துவைத்து வாட்டத்தைச் சரிசெய்தல்
* மறுபூச்சு வேலைக்குப் பின் குழாய்வாயின் உயரத்தையும் மிகைநீர்ப் போக்கியையும் சரிபார்த்தல்

மிகைநீர்ப் போக்கி வழியே பூச்சிகள் வரும், அல்லது சுவரில் கறை படியும் என்று கருதி, அதைக் காரை கொண்டு அடைத்துவிடுவது உண்டு. ஆண்டு முழுதும் பயனற்றதுபோல் தோன்றும் அத்திறப்பு, குழாய்கள் செயலிழக்கும் ஒரு மணி நேரத்துக்காகவே விடப்பட்டது. அதை அடைப்பது, கூரையின் மேல் நிற்கக்கூடிய நீரின் எல்லையைக் கைப்பிடிச்சுவரின் உச்சிக்கு உயர்த்துவதற்கு ஒப்பாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* கூரை
* மழைநீர் சேகரிப்பு
* மழைமானி
* கலிங்கு
* இயங்குசுமை